சீவலா, தூளா?
கடின மரத்தில் சி.என்.சி. ரூட்டரின் ஆழமும் ஊட்டமும்

கொல்கத்தா மாநகரின் வடபகுதியில், ஹூக்ளி நதிக்கரையை ஒட்டிய நிம்தலாவில் மரக்கிடங்குகள் பல உள்ளன. தெற்கே சற்றுத் தொலைவில் அமைந்த பௌபஜார், நாற்காலி, கட்டில், அலமாரி முதலிய மரச்சாமான்களின் வாணிகத்திற்குப் பெயர்பெற்றது. தேக்கும், சால் மரமும், சீசமும் அந்நகரத் தச்சர்களுக்கு நன்கு பழகிய கடின மரங்களாகும். உளி கொண்டு கொடியும் பூவும் செதுக்கி வந்த இத்தொழிலில், கணிப்பொறியின் கட்டளைப்படி மரத்தைக் குடையும் சி.என்.சி. ரூட்டர் என்னும் இயந்திரமும் நாட்டின் பிற நகரங்களிற் போலவே இடம்பெற்று வருகிறது.

இவ்வியந்திரத்தை இயக்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. பிட் ஒரு முறை செல்லும்போது மரத்தில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது வெட்டு ஆழம். அது மரத்தினூடே நிமிடத்திற்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னேற வேண்டும் என்பது ஊட்டம். புதிதாகப் பயில்பவர், கடின மரம் என்றவுடன் அஞ்சி ஊட்டத்தைக் குறைக்கிறார். மெதுவாகச் சென்றால் பிட் முறியாது, மரமும் கெடாது என்பது அவருடைய எண்ணம். இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது என்பதையும், பயிற்சி நிலையங்கள் இதை முதற் பாடத்திலேயே திருத்த வேண்டும் என்பதையும் வற்புறுத்துதல் அவசியமாகிறது.

காரணத்தை எளிய கணக்கால் விளக்கலாம். இரண்டு வெட்டு விளிம்புகள் கொண்ட 6 மி.மீ. பிட் நிமிடத்திற்கு 18,000 சுற்றுகள் சுழல்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு விளிம்பும் 0.1 மி.மீ. கனமுள்ள சீவலை எடுக்க வேண்டுமாயின், இம்மூன்றையும் பெருக்கி வரும் 3,600 மி.மீ. நிமிட ஊட்டமாக அமைய வேண்டும். அச்சத்தால் இதை 900 ஆகக் குறைத்தால், சீவலின் கனம் 0.025 மி.மீ. ஆகிவிடுகிறது. சற்றே மழுங்கிய விளிம்பினால் இத்துணை மெல்லிய சீவலைச் சரிவர அறுத்தெடுக்க இயலாது. அது மரத்தை வெட்டுவதற்குப் பதிலாக உரசுகிறது. இழைப்புளியின் தகடு போதிய அளவு வெளியே நீளாவிடில் அது மரத்தின்மீது வழுக்கிச் செல்வதைத் தச்சர் யாவரும் அறிவர். இதுவும் அத்தகையதே.

உரசலினால் வெப்பம் பிறக்கிறது. வெட்டிய விளிம்பு கருகுகிறது. பிட்டின் கூர்மை விரைவில் அழிகிறது. நல்ல சீவல் தன்னுடன் வெப்பத்தையும் வெளியே கொண்டு செல்லும். நுண்ணிய தூளோ பள்ளத்தில் தங்கி மேலும் சூடேறும். 18 மி.மீ. கனமுள்ள பலகையில் 3.6 மீட்டர் நீளமுள்ள கோட்டை 3 மி.மீ. ஆழமாக ஆறு முறை வெட்டுவதற்கு, 3,600 மி.மீ. ஊட்டத்தில் 6 நிமிடம் போதும். 900 மி.மீ. ஊட்டத்திலோ 24 நிமிடமாகும். முன்னதில் பிட் 1,08,000 சுற்றுகள் சுழல்கிறது; பின்னதில் 4,32,000 சுற்றுகள். அதே வேலைக்குக் கருவி நான்கு மடங்கு தேய்வதைச் சிக்கனம் என்று கூற முடியாது.

இதனினும் கவலைக்குரியது தொழிலாளியின் நலம். ஊட்டம் மிகக் குறையும்போது சீவலின் இடத்தில் மென்தூள் மிகுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1995-இல் வெளியிட்ட தன் தொகுதியில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் வரிசையில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சூழ்ந்த எலும்பறைகளிலும் தோன்றும் புற்றுநோய்க்குக் கடின மரத்தூளுடன் உள்ள தொடர்பு தெளிவாகக் காணப்பட்டுள்ளது. தூளை உறிஞ்சும் சாதனமும் முகக் கவசமும் எந்நிலையிலும் வேண்டியவையே. எனினும், பிறக்கும் இடத்திலேயே தூளைக் குறைப்பது சாலச் சிறந்ததாகும்.

அப்படியாயின் எச்சரிக்கை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் அதை ஆழத்தில் காட்டுதல் வேண்டும். பிட்டின் விட்டத்திற்குச் சமமான ஆழம் பொதுவான வரம்பு. கடின மரத்திலும் இலகுவான இயந்திரத்திலும் அதில் பாதியிலிருந்து தொடங்குவது நலம். ஆழம் விட்டத்தைப் போல் இரு மடங்கானால் சீவலின் கனத்தைக் கால் பங்கும், மும்மடங்கானால் அரைப் பங்கும் குறைப்பது கருவி செய்வோரின் வழக்கம். பிட் வெளியே நீண்டிருக்கும் அளவும் முக்கியமானது. நீளம் இரட்டித்தால் அது வளையும் அளவு எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்காகும்.

சிறு பட்டறைகளின் இயந்திரங்கள் 3,600 மி.மீ. ஊட்டத்தைத் தாங்கா என்னும் ஆட்சேபம் நியாயமானதே. அதற்கும் வழி உண்டு. ஒரே வெட்டு விளிம்புள்ள பிட்டைப் பொருத்தினால், அதே சுழற்சியில் 1,800 மி.மீ. ஊட்டமே 0.1 மி.மீ. சீவலைத் தரும். மோட்டாரின் வலு இடங்கொடுக்கும் அளவிற்குச் சுழற்சியைக் குறைப்பது மற்றொரு வழி. ஊட்டத்தை மட்டும் குறைத்து மற்றவற்றை அப்படியே விடுவதுதான் பிழை.

உலோகம் வெட்டும் கலையைப் பற்றி 26 ஆண்டுகள் சோதனை நடத்திய அமெரிக்கப் பொறியாளர் டெய்லர், அதன் முடிவுகளை 1906-இல் வெளியிட்டார். வேகத்தையும் ஊட்டத்தையும் கணக்கிட்டு அறியலாம் என்று அவர் காட்டினார். ஆனால் மரம், உலோகம் போல் ஒரே தன்மையுடையதன்று. நார் ஓடும் திசை, முடிச்சு, ஈரம் ஆகியவற்றால் ஒரே பலகையிலும் இடத்திற்கு இடம் வேறுபடும். கொல்கத்தாவின் மழைக்காலக் காற்றில் மரம் ஈரத்தை ஏற்கும். தேக்கில் உள்ள மணற்சத்து கருவியை மழுங்கச் செய்யும். ஆகையால், அயல்நாட்டு அட்டவணையைத் தொடக்கமாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது.

தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் பாடத்திட்டம் வகுப்பதில் பங்குகொள்ளும் மத்தியப் பணியாளர் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம், 1968-இல் கொல்கத்தாவிலேயே நிறுவப்பட்டது. பாடத்திட்டம் எவ்வளவு செம்மையாயினும், சீவலைக் கையில் எடுத்துப் பார்க்கக் கற்பிப்பவர் ஆசிரியரே. சென்னையிலோ மதுரையிலோ வேங்கையையும் பூவரசையும் கொண்டு கற்பிப்பவருக்கும் இது பொருந்தும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வேலைக்குரிய அதே மரத்தின் கழிவுத் துண்டு ஒன்றை இறுகப் பற்றவைத்து, ஆழத்தையும் சுழற்சியையும் மாற்றாமல், 900, 1,800, 2,700, 3,600 என ஊட்டத்தைப் படிப்படியாக உயர்த்தி நான்கு பள்ளங்கள் வெட்டச் செய்யலாம். இயந்திரம் அதிர்ந்தால் அப்படியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் விளிம்பின் நிறம், எழுந்த ஓசை, சீவலின் வடிவம் ஆகியவற்றை மாணவர் எழுதிவைக்கட்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கு அளிக்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இச்சோதனைக்கு ஒதுக்குவது தகும். கருகிய விளிம்பைத் தேய்த்து மறைப்பதில் கழியும் நேரமும், தூளைச் சுவாசிப்பதால் வரும் கேடும் இவ்வொரு மணி நேரப் பாடத்தால் பெரிதும் குறையும்.