பல்லடைப்பின் ஆயுள் யார் கையில்?



சொத்தைப் பல்லை அடைக்க எந்தச் ‘சிமெண்ட்’ நீண்ட நாள் உழைக்கும் என்னும் கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றது. பல்லின் நிறத்திலேயே அமையும் காம்போசிட் அடைப்பு பரவலாகிவிட்டதால், அதன் உறுதி குறித்த ஐயமும் உடன் வளர்ந்துள்ளது. கேள்வி நியாயமானதே. ஆயினும் அடைப்பின் ஆயுளில் பாதி, அதை வைக்கும் முறையிலும் அது தங்கும் வாயிலும் இருக்கிறது என்பதே நம் கருத்து.

திருவேட்டக்குடிக் கடலோரத்தில் நாம் காணும் ஃபைபர் படகை எண்ணிப் பார்ப்போம். கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் பதித்துச் செய்யப்படுவது அது. பிசின் தனித்திருந்தால் எளிதில் உடையும். இழை தனித்திருந்தால் வெறும் துணி. இரண்டும் பிணைந்தபின்பே அலையின் அடியைத் தாங்குகிறது. பல்லுக்கான காம்போசிட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் இழைகளுக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடி, சிலிக்காத் துகள்கள் உள்ளன. துகளும் பிசினும் பிரியாதிருக்கச் சிலேன் என்னும் பூச்சு உதவுகிறது. பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் பதப்படுத்தினால் பிசின் நன்கு பற்றும் என்பதை 1955-இல் மைக்கேல் புவோனோகோர் காட்டினார். இன்றைய காம்போசிட்டுக்கு அடிப்படையான பிசினுக்கு 1962-இல் ரஃபேல் போவன் காப்புரிமை பெற்றார்.

இப்பொருளுக்குப் பகை ஈரமும் அவசரமும். எச்சிலோ இரத்தமோ பட்ட பல்லில் பிசின் சரியாக ஒட்டாது. நீல ஒளி பட்டே அது இறுகும். வழக்கமான வகைகளில் அவ்வொளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழத்திற்கே முழுப்பயன் தரும். எனவே ஆழமான குழியை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுகச் செய்தல் வேண்டும். இறுகும்போது பொருள் சற்றே சுருங்குவதால், கவனம் குறைந்தால் விளிம்பில் இடுக்கு உண்டாகும். அவ்விடுக்கில் மீண்டும் சொத்தை புகும்.

பழைய வெள்ளி அடைப்பான அமால்கம் இவ்வகையில் பொறுமைசாலி. கடைவாய்ப் பற்களில் அது காம்போசிட்டைவிடக் குறைவாகவே பழுதாகிறது என ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. எனினும் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் 2018-இல் ஏற்றது. பிரான்சில் வாழும் காரைக்கால் உறவினர்கள் அறிந்திருப்பர்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சனவரி முதல், மருத்துவக் கட்டாயம் இருந்தாலன்றி அமால்கம் வைப்பதில்லை. ஆக, நம் பிள்ளைகளின் பற்களுக்குப் பெரும்பாலும் காம்போசிட்டே வாய்க்கப்போகிறது. அது தாழ்வானதன்று, முறையாக வைத்துப் பேணினால் பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கக் கூடியது.

இங்கேதான் நம் வழக்கங்களைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவோர், விமானம் ஏறும் முந்தைய நாளில் மருத்துவரிடம் சென்று ‘சீக்கிரம் முடித்துவிடுங்கள்’ என்கின்றனர். வீட்டுப் பெண்களோ கிராம்பு வைத்து வலியை அடக்கி, மாதக்கணக்கில் தள்ளிப்போடுகின்றனர். அதற்குள் சிறு குழி பெரிதாகிறது. குழி பெரிதாக ஆக, மெல்லும் சுமை முழுவதும் அடைப்பின் மீதே விழுந்து, முறியும் வாய்ப்பு கூடுகிறது. பிறகு வேர் சிகிச்சை. அதற்கும் வழியில்லையேல் பல்லைப் பிடுங்குதல். சிறு செலவில் முடிந்திருக்க வேண்டியது பெருஞ்செலவாகிறது.

மார்க்க ஐயங்களாலும் சிலர் தயங்குகின்றனர். அடைத்த பல் கடமையான குளிப்பைத் தடுக்குமோ என்பது ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது சுன்னத்தாகும். ஹனஃபி மத்ஹபில் குளிப்பின்போது அது கடமையாயினும், நிலையான அடைப்பு தேவையின் பொருட்டுப் பொறுக்கப்படுகிறது. நோன்பில் எதையும் விழுங்கிவிடுவோமோ என அஞ்சுவோர், நோன்பு திறந்தபின் இரவில் நேரம் கேட்கலாம்; ரமலான் முழுவதும் சொத்தையை வளரவிட வேண்டியதில்லை.

மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டியவை சிலவே: பல்லை ஈரமின்றி எவ்வாறு காப்பீர்கள்? அடுக்கடுக்காக நிரப்புவீர்களா? எப்போது மீண்டும் வந்து காட்ட வேண்டும்? நாம் செய்ய வேண்டியவையும் சிலவே: இரவு உறங்குமுன் பல் துலக்குதல், இனிப்பை நாள் முழுவதும் கொறிக்காமல் உணவோடு முடித்தல், பிள்ளைகளின் பற்களை வலி வருமுன் காட்டுதல்.

மிஸ்வாக்கை நபி (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பல்லும் அதில் அடங்கும். அடைப்பு வைத்ததும் அப்பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. அதைப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.