அழிக்குமுன் அளந்தறிதல்

வட்டு நிரம்பிவிட்டது என்னும் அறிவிப்புக் கணினியில் தோன்றிய மாத்திரத்தில் நம் கலாசாலை மாணாக்கர் செய்வது என்னை? ஒரு பொத்தானை அழுத்தினால் குப்பையெல்லாம் தானே நீங்கும் என்று விளம்பரம் செய்யும் ஏதேனும் ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்கின்றனர். இது தக்கதன்று என்பதே என் துணிபு. இடத்தை அளந்து காட்டும் மென்பொருள் வேறு. தன் மனம்போல அழிக்கும் மென்பொருள் வேறு. நமக்கு வேண்டுவது முன்னையதே.

தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஏரலையே எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருகிய வெள்ளம் ஏரல் பாலத்தைச் சிதைத்து, வெளித்தொடர்பைத் துண்டித்து, கடைகளிலும் வீடுகளிலும் புகுந்தது. காகிதங்களை அவ்வெள்ளத்திற்குப் பறிகொடுத்த ஒரு வீட்டார்க்கு, முன்னொரு நாள் கைப்பேசியில் எடுத்துக் கணினியில் இட்டுவைத்த பத்திரத்தின் படமே எஞ்சிய சான்றாக இருத்தல் கூடும். அப்படத்திற்கும் நேற்று வந்த வேடிக்கைப் படத்திற்கும் உள்ள வேற்றுமையை இயந்திரம் எங்ஙனம் அறியும்? வீட்டாரே அறிவர்.

நிற்க. அளந்தறியும் முறை புதியதன்று. 1971-இல் வந்த யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே 'டியூ' என்னும் கட்டளை இருந்தது; ஆயினும் அது தருவது எண்களின் வரிசையே. 1990-இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 14 பேர் பங்கிட்டு வழங்கிய 80 மெகாபைட் வட்டு ஒன்று அடிக்கடி நிரம்பித் தொல்லை தந்தது. அங்கிருந்த பேராசிரியர் பென் ஷ்னைடர்மன், கோப்புகளை அவற்றின் அளவிற்கேற்ற கட்டங்களாக வரைந்து காட்டும் வழியைக் கண்டார். கிராம நிலப்படத்தில் எவர் வயல் பெரிது என்று பார்த்தவுடன் சொல்வதுபோல, இதிலும் எக்கோப்புப் பெரிது என்று சொல்லலாம். திருக்குறள் 1330 பாக்களும் ஒரு மெகாபைட்டிற்குள் அடங்கும். சில நிமிடச் சலனப்படமோ பெரும்பாலும் அதனினும் நூறு மடங்கு பெரிது. நூல்களை அழித்து இடம் தேடுவோர் இக்கட்டங்களை ஒருமுறை நோக்குவாராக!

இம்முறையைக் கையாளும் மென்பொருள்களுள் விண்டோஸ் கணினிக்கு 'வின்டிர்ஸ்டாட்' என்பதையே யான் பரிந்துரைப்பேன். கட்டற்ற உரிமம் உடையதாதலின் கலாசாலைக் கணினிகளிலும் தடையின்றி நிறுவலாம். 'விஸ்ட்ரீ' விரைவில் சிறந்தது. வட்டிலேயே உள்ள கோப்புப் பதிவேட்டை அது நேரே படித்துவிடுகின்றது. ஆனால் அது சொந்த உபயோகத்திற்கு மட்டுமே இலவசம் என்பதை மறத்தலாகாது. லினக்ஸ் உடையோர்க்கு, ஆனைப்புளிய மரத்தின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய 'பாவோபாப்' உண்டு. (பெயரிட்டவர் மரத்தின் பருமனை எண்ணினர் போலும்.)

இனி, பெரிதாகத் தோன்றுவதெல்லாம் குப்பையன்று. விண்டோஸினுள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்னும் கோப்புறை மிகப் பருத்துக் காணும். ஒரே கோப்பு இருவேறு பெயர்களில் வழங்குவதால் அது இருமுறை எண்ணப்படுதலும் உண்டு. அதனைக் கையால் அழிப்பின் கணினியே இயங்காது போகலாம்.

எம்மென்பொருளாயினும் அதனை ஆக்கியோரின் தளத்தினின்றே பெறுக. அதுவும் முழுக்காவலன்று: 2017-இல் 'சீகிளீனர்' என்னும் துப்புரவு மென்பொருளின் முறையான பதிப்பினுள்ளேயே கயவர் தீநிரலைப் புகுத்த, 22 லட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளில் அது குடியேறிற்று. ஆதலின் நீக்கக் கருதும் கோப்புகளுள் ஐயத்திற்குரியவற்றை முதலில் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துப் பின்னரே நீக்குக.