கூன்முதுகு மஹ்சீருக்கு யார் இருக்கிறார்கள்?



புலிக்கும் யானைக்கும் கிடைக்கிற கவனம் ஆற்று மீனுக்குக் கிடைப்பதில்லை.

கூன்முதுகு மஹ்சீர் என்ற மீன் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1946இல் காவிரியின் கிளையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய மஹ்சீர் ஒன்றின் எடை 54 கிலோ! அப்படிப்பட்ட மீனின் அறிவியல் அடையாளம் உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்ந்தது. அணைகளும் மணல் கொள்ளையும் வெடிவைத்து மீன் பிடிப்பதும் அதை ஒடுக்கின. நல்லெண்ணத்தோடு பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீரும் அதன் இடத்தைப் பறித்துக்கொண்டது. வேதனையான செய்தி இதுதான்.

காவிரிப் படுகையின் மோயாற்றில் கூன்முதுகு மஹ்சீர்கள் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. காவிரிக் கிளையாறுகளில் வெளியினக் குஞ்சுகளை விடுவதை மீன்வளத் துறை நிறுத்த வேண்டும்; மோயாற்றின் நீரோட்டம் தடைபடாமல் அரசு காக்க வேண்டும்.

– ஒரு வாசகர், ஈரோடு