மாற்றுக்காணி: யாருடைய பாதுகாப்புக்கு?

காணிக்குக் காணி மாற்றுவது வன்னிக்குப் புதிய சங்கதி அல்ல. அண்ணனின் வயல்களுக்கு நடுவே தம்பியின் ஒரு துண்டு கிடந்தால் வாய்க்கால் வெட்டவும் வரம்பு கட்டவும் இருவருக்கும் தொல்லை. ஆகவே ஒரு துண்டைக் கொடுத்து இன்னொரு துண்டை வாங்குவர். கொடுக்கும் காணியில் கிணறு இருந்தால், வாங்கும் காணியில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பர். குளத்துக்குக் கிட்டிய காணியும் வால்பகுதிக் காணியும் ஒன்றல்ல என்பது இருவருக்கும் தெரியும். பேச்சு முடிந்து, இரு வீட்டாரும் மனம் பொருந்திய பின்னரே நொத்தாரிசிடம் போவர். ஒருவர் "வேண்டாம்" என்றால் கதை அதோடு சரி. சில காலம் முகம் திருப்பிக்கொண்டு போவார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடவாது.

இந்த "வேண்டாம்" என்ற சொல்லைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம். ஏனெனில் போர் முடிந்த பின்னர் எமது மாவட்டங்களில் வேறுவிதமான ஒரு காணி மாற்றம் வந்து சேர்ந்தது. பாதுகாப்புக்காக உங்கள் காணி தேவைப்படுகிறது, அதற்குப் பதிலாக அரச காணி தருகிறோம் என்பதே அதன் பாஷை. கேட்பதற்குப் பேரம் போலவே இருக்கும். ஆனால் அதில் "வேண்டாம்" என்று சொல்வதற்கு இடம் விடப்படவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவை எடுத்துக்கொள்வோம். வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கு அயலாக, நந்திக்கடலின் ஓரமாக உள்ள ஊர். வயலும் தென்னையும் களப்புத் தொழிலும் சேர்ந்ததே அங்குள்ளவர்களின் சீவியம். 2009இல் அவர்களும் மற்றவர்களோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2012 செப்டெம்பர் இறுதியில் அந்த முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்பிலவைச் சேர்ந்த நூறுக்கும் அதிகமான குடும்பங்கள் இருந்தன. அவர்கள் ஏற்றிச் செல்லப்பட்டது தங்கள் வளவுகளுக்கு அல்ல. சீனியாமோட்டையில் காடு வெட்டித் துப்புரவாக்கப்பட்ட ஓர் இடத்துக்கு. சொந்த ஊரில் இராணுவத்தின் முல்லைத்தீவுத் தலைமையகம் அமைந்திருந்தது. புதிய இடத்துக்கு "மாதிரிக் கிராமம்" என்று பெயர் வைக்கப்பட்டது. எதற்கு மாதிரி என்று யாரும் விளக்கவில்லை.

அரசாங்கத்தின் கணக்கில் அவர்கள் "மீள்குடியேறியவர்கள்" ஆனார்கள். முகாம் மூடப்பட்டது, பதிவேடு பூர்த்தியானது. ஆனால் இதை ஒரு காணி மாற்றம் என்று எடுத்துக்கொண்டால், அண்ணன் தம்பி மாற்றத்தில் இருந்தவற்றுள் எது இதில் இருந்தது? மனப்பொருத்தம் இல்லை. நந்திக்கடலுக்குப் போகும் வழிக்கு ஈடு இல்லை. பத்துப் பதினைந்து வருடம் தண்ணீர் வார்த்து வளர்த்த தென்னைக்கு ஈடு இல்லை. உறுதியும் எழுதப்படவில்லை. இந்நாட்டில் 1840ஆம் ஆண்டிலிருந்தே, உறுதிக்காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுத்தில் செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். எழுத்து இல்லாத மாற்றம் சட்டத்தின் கண்ணில் மாற்றமே அல்ல. ஆகவே மாதிரிக் கிராமத்தில் ஒரு துண்டைப் பெற்றதனால் கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் பழைய காணியை இழந்துவிடவில்லை. இதை அவர்கள் நன்றாக விளங்கியிருந்தார்கள் என்பதற்கு 2017ஆம் ஆண்டே சாட்சி.

அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதி, பக்கத்துப் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில் போய் இருந்தார்கள். 84 குடும்பங்கள், கேட்டது ஏறத்தாழ 40 ஏக்கர். பெண்களும் பிள்ளைகளும் இரவும் பகலும் றோட்டோரத்தில் கிடந்தார்கள். ஒரு மாதம் கழிய, மார்ச் 1ஆம் திகதி காணி திரும்பியது. அதே மார்ச் மாதத்தில் கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். யூலையில் ஒரு பகுதி விடப்பட்டது. டிசெம்பர் 28ஆம் திகதி மேலும் 133 ஏக்கர் விடப்பட்டது. எல்லாக் காணியும் இன்னமும் திரும்பவில்லை.

இதனுள் ஒரு விபரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முகாமை இடம் மாற்றுவதற்குச் செலவாகும் என்று சொல்லப்பட்டது. மீள்குடியேற்ற அமைச்சு அதற்கென இராணுவத்துக்கு 148 மில்லியன் ரூபாவை ஒதுக்கியது. அரசாங்கத்தின் ஒரு கை மறு கைக்குக் கொடுத்த காசு இது. காணிக்காரனின் வளவில் குடியிருந்தவர் வெளியே போவதற்கு ஈடு வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. வளவை விட்டு வருடக்கணக்காக வெளியே கிடந்த காணிக்காரனுக்கு என்ன ஈடு என்பதை அந்தக் கணக்கில் யாரும் எழுதவில்லை. முகாமுக்கு இடமாற்றச் செலவு உண்டென்றால், வீட்டுக்கும் கிணற்றுக்கும் விதைக்காமல் போன காலபோகங்களுக்கும் செலவு இல்லையா?

காணி மாற்றம் என்றாலே அநியாயம் என்று நாம் சொல்லவரவில்லை. உலகின் வேறு பாகங்களிலும் பொதுக்காணியைத் தனியாருக்குக் கொடுத்து வேறு காணி வாங்குகிறார்கள். நகரசபை பூங்காவின் ஒரு மூலையை ஒரு வியாபாரிக்குக் கொடுக்கும். அவரிடமிருந்து வேறோர் இடத்தை வாங்கி, இருட்டுச் சந்துகளை மூடி, விளக்குப் போட்டு, அயலைப் பாதுகாப்பாக்கப் போகிறோம் என்று சொல்லும். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் உண்டு. நிலத்துக்கும் நீருக்குமான தேசிய நிதியத்தின் உதவியோடு அமைந்த பூங்கா ஒன்றை வேறு தேவைக்கு எடுப்பதானால், பதிலுக்குக் கொடுக்கும் நிலம் சந்தைப் பெறுமதியில் குறையாமல் இருக்க வேண்டும். அதோடு, பயன்பாட்டிலும் அமைவிடத்திலும் பழைய நிலத்துக்கு ஈடாகவும் இருக்க வேண்டும். பெறுமதி ஒன்று, பயன்பாடு வேறொன்று என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. பிள்ளைகள் ஊஞ்சலாடும் இடத்துக்கே இவ்வளவு காவல். ஒரு குடும்பம் உழுது உண்ணும் வயலுக்கு இதில் பாதியாவது வேண்டாமா?

வேதாகமத்தில் நாபோத்தின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகாபு அரசனின் மாளிகைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசன் அதைக் கேட்டான். சும்மா கேட்கவில்லை, அதைவிடச் சிறந்த தோட்டம் தருகிறேன், விருப்பமானால் பணமாகவே தருகிறேன் என்றான். பிரசங்கங்களில் நாம் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகக் கடந்து விடுகிறோம். அரசனின் பேரம் நியாயமான பேரம்தான்! நாபோத்து, இது என் முன்னோர் விட்ட முதுசம், தரமாட்டேன் என்றான். அதுவும் அவனது உரிமை. பிசகு நுழைந்தது அதற்குப் பின்னர்தான். "தரமாட்டேன்" என்ற பதிலை அரண்மனை ஒரு பதிலாக ஏற்கவில்லை. அரச முத்திரை குத்திய கடிதங்கள் போயின, பொய்ச்சாட்சிகள் வந்தார்கள், நாபோத்து கல்லால் எறிந்து கொல்லப்பட்டான்.

பாதுகாப்பு என்ற சொல்லையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். காணியை விட்டுத் தள்ளி இருக்கவேண்டிய மெய்யான காரணங்கள் உண்டு என்பதை எம்மைவிட நீங்கள் அறிவீர்கள். மிதிவெடி அகற்றப்படும்வரை உள்ளே போகாதே என்று சொன்னால் அது எமது காலுக்காகச் சொல்லப்படுவது. ஆனால் வெடி அகற்றப்பட்டதும் அந்தக் காரணம் தீர்ந்துவிடும். தீர்ந்துபோகும் காரணத்துக்குக் காணியை நிரந்தரமாக மாற்றவேண்டிய தேவை இல்லை. 2004 சுனாமிக்குப் பின்னர் கடற்கரையில் கட்டடத் தடை வலயம் கொண்டுவரப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். முல்லைத்தீவுக் கடலைக் கண்டவர்கள் அதை முற்றாகத் தவறென்று சொல்லமாட்டார்கள். ஆயினும் ஒரே கரையில் மீனவனின் வாடிக்குத் தடை, உல்லாச விடுதியைத் திருத்துவதற்கு அனுமதி என்று வந்தபோது மக்கள் கேட்ட கேள்வி சரியானது: அலைக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியுமா? ஒன்றரை வருடத்துக்குள் அந்த விதி தளர்த்தப்பட்டது.

ஆகவே பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், எவருடைய பாதுகாப்பு, எத்தனை நாளைக்கு என்று கேட்பது குற்றமல்ல. ஒரு குடும்பத்தின் கணக்கில் பாதுகாப்பு என்பது என்ன? கூப்பிடு தூரத்தில் உறவுக்காரர் வீடு. பிள்ளை தனியாகப் பள்ளிக்கூடம் போய் வரக்கூடிய பாதை. கணவனை இழந்த பெண், காவலரண் எதையும் தாண்டாமல் தண்ணீர் அள்ளி வரக்கூடிய கிணறு. பழைய ஊரில் இவை இருந்தன. அவற்றைக் கலைத்துவிட்டு, காட்டோரத்தில் ஒருவரையொருவர் அறியாத வரிசை வீடுகளைக் கொடுப்பது பாதுகாப்பைக் கூட்டாது.

மாற்றுக்காணி என்று கொடுக்கப்படுவது எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் காடாகவோ, பக்கத்து ஊரின் மாடுகள் மேயும் தரவையாகவோ இருக்கும். "அரச காணி" என்று கடதாசியில் எழுதப்பட்டாலும் விறகும் தேனும் மேய்ச்சலும் அங்கேதான் என்று வாழ்ந்த ஓர் ஊர் அதன் பின்னால் இருக்கிறது. ஆக, இந்த மாற்றத்தில் இழப்பவர்கள் இரண்டு பகுதியினர். வந்தவர்களும் இருந்தவர்களும் ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொண்டிருக்க, முதற்காணியில் இருப்பவரைப் பற்றிப் பேச்சே எழாது. பின்னொரு நாள், இது வனத்துக்கு ஒதுக்கிய நிலம் என்று எல்லைக்கல்லோடு வேறு அதிகாரிகள் வந்தால், கையில் அனுமதிப்பத்திரம் இல்லாத குடும்பம் எதைக் காட்டும்?

"வேண்டாம்" என்ற சொல்லை எமது மக்கள் மறந்துவிடவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து பெருநிலத்தில் இரணைமாதா நகரில் கால் நூற்றாண்டு வாழ்ந்தார்கள். 2017 மே மாதம் போராட்டம் தொடங்கினார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தாங்களே வள்ளங்களில் ஏறித் தீவில் போய் இறங்கினார்கள். வட்டுவாகலில் கடற்படைத் தளத்துக்கென 617 ஏக்கரை அளக்க நில அளவையாளர்கள் வந்த ஒவ்வொரு தடவையும் ஊரவர்கள் வழியில் போய் நின்றார்கள். அளக்க முடியாமல் திரும்பிப் போனார்கள்.

எல்லாரும் வழியில் போய் நிற்க முடியாது. ஆனால் கடதாசி விஷயத்தில் எல்லாரும் செய்யக்கூடியவை சில உண்டு. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒன்றை மரத்திலோ சுவரிலோ ஒட்டிவிட்டால் காணி போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது போகவில்லை. அந்தப் பகுதியில் காணி தேவைப்படலாம் என்பதே அதன் பொருள். பின்னர் ஆட்சேபனை கேட்டு வரும் அறிவித்தலுக்கு, குறித்த திகதிக்குள் எழுத்தில் மறுப்புக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனியொருவராக அந்தப் படியேறுவது கடினம். ஊராகச் சேர்ந்தால் அவ்வளவு கடினமில்லை.

தற்காலிகமாக ஒரு துண்டு தரப்பட்டால், தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதற்காக வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் கையொப்பம் கேட்டால், அது தமிழில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதனால் எனது முந்திய காணியை நான் கைவிடவில்லை என்ற ஒரு வரியை எழுதுவித்து, பிரதியொன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தர மறுத்தால், மறுத்த திகதியைக் குறித்து வைத்து, பிரதேச செயலாளருக்குப் பதிவுத்தபாலில் நீங்களே ஒரு கடிதம் அனுப்புங்கள். உங்களுடையது அனுமதிப்பத்திரக் காணி என்றால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ், எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அதை எவருக்கும் கைமாற்ற முடியாது. வாய்ப்பேச்சில் "மாற்றியாயிற்று" என்று யார் சொன்னாலும் அது செல்லாது. அந்தச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த வாரிசு அட்டவணை 2022இல் திருத்தப்பட்டது. பெண்பிள்ளைகள் தங்களுக்குப் பங்கில்லை என்று நினைத்து ஒதுங்கத் தேவையில்லை.

ஓடிய ஓட்டத்தில் உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் இலக்கம் தேடிப் பிரதி எடுக்கலாம். அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் கிடைக்காதவர்கள் ஒரு கொப்பியை எடுத்து, கிழக்கே யார், மேற்கே யார், எந்தக் குளத்து வாய்க்கால், கிணறு எந்த மூலையில், பாலை மரம் எங்கே நின்றது என்று எழுதுங்கள். எல்லைக்காரர் இருவரைக் கொண்டு அதில் கையொப்பம் வைப்பியுங்கள். இதை அறிந்த மூத்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறார்கள். ஆகவே அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னரே இதைச் செய்துவிடுவது நல்லது.