கைத்தேர்ச்சிக்குச் சான்றிதழ்

பத்திராதிபர் அவர்களுக்கு,

ஐயா,

பள்ளிப் படிப்பு இடையில் நின்றுபோனாலும், குருமுகமாகவோ வேலைத்தலத்திலோ ஒரு வித்தையைப் பல்லாண்டு பயின்று தேர்ந்தவர்கள், மீண்டும் பயிற்சி வகுப்பில் அமராமலே, தம் அனுபவத்துக்குரிய ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்முறையாலும் திறமையை நிரூபித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம் என்னும் உத்தமமான ஏற்பாடு நம் நாட்டில் இருந்தும், எம் பகுதித் தமிழ்த் தொழிலாளர் பலர் அதனை அறியாதிருப்பது மிகவும் வருந்தத்தக்கது.

எம் ஊரான அலுவிகாரை, ஈனா டி சில்வா அம்மையார் நிறுவிய பட்டறையால், மெழுகிட்டுத் துணிக்குச் சாயமேற்றும் பற்றிக் கலைக்குப் பேர்பெற்றது. உருகிய மெழுகு சூடு குறைந்தால் துணியின் மறுபுறம் இறங்காது. மிஞ்சினாலோ கோட்டைக் கடந்து பரவிவிடும். அந்தப் பதத்தைப் பார்த்த மாத்திரத்தில் அறியும் ஒரு பெண்ணைத் தகைமையற்றவள் என்று ஒதுக்குவது நியாயமாகுமா?

7 நிலைகளைக் கொண்ட தேசிய தொழிற் தகைமையில் 4ஆம் நிலையை அடைந்தவர் டிப்ளோமாக் கல்விக்கும் செல்ல வழியுண்டு. ஆகவே, இதற்குப் பொறுப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, மாத்தளை மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள்தோறும் தமிழிலேயே விளக்கக் கூட்டங்களும், தமிழறிந்த மதிப்பீட்டாளரைக் கொண்டு நடமாடும் மதிப்பீடுகளும் நடத்துதல் அவசியம். தோட்டத்துத் தச்சருக்கும் மேசனுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க நம் சங்கங்களும் ஆசிரியர்களும் முன்வருவார்களாக.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
அலுவிகாரை.