கைப்பாணும் பொறிப்பாணும்

வெளிநாட்டு உறவினர் தயவால் நம் வன்னி வீடுகளிற் புதிதாகக் குடிபுகும் பொருள்களுள் பாண் செய்யும் பொறியும் ஒன்று. மாவும் நீரும் உப்பும் ஈஸ்டும் அளந்திட்டுப் பொத்தானை அழுத்தினாற் போதும். பிசைதலும் பொங்கவைத்தலும் சுடுதலும் அதன் பொறுப்பு. மூன்று நான்கு மணி நேரத்திற் பாண் ஆயத்தம். 'இனிக் கையாற் பிசைவது வீண்வேலை' என்பர் ஒரு சாரார். 'பொறிப்பாணுக்குச் சுவை ஏது?' என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் சுவையை வைத்தே வழக்காடுகின்றனர். வழக்கு அதுவன்று என்பது என் கருத்து.

பாண் நமக்கு வந்தேறிய உணவு. பெயரும் அதைச் சுடும் போறணையின் பெயரும் போர்த்துக்கேயர் தந்தவை. வெதுப்பகம் என்று பலகை எழுதிய பின்னரும் உள்ளே வேகுவது பாண்தான். பண்டிதன் ஒருவன் இதனை மகிழ்ந்து சொல்லவியலாது. பசித்த வாய்க்குச் சொல்லாக்கம் ஒரு பொருட்டன்று. இது நிற்க.

பொறியின் பிறப்பை அறிந்தால் வழக்கு விளங்கும். இன்று பனசோனிக் எனப் பெயர் பூண்டுள்ள மட்சுசிட்டா நிறுவனத்தார் 1980களில் யப்பானில் இதனை ஆக்க முயன்றனர். பாணின் புறம் கருகியது. உள்ளே மா வேகவில்லை. பொறி பிசைந்த மாவையும் கை பிசைந்த மாவையும் எக்ஸ்றே படமெடுத்து ஒப்பிட்டனர், பயனில்லை. பின்னர் இக்குக்கோ தனாக்கா என்னும் பெண்மணி, ஒசாக்கா நகரத்து விடுதியொன்றின் தலைமைப் பாண் வினைஞரிடம் மாணவியாய் அமர்ந்தார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கண்டார். அம்முறுக்கு விழும்படி பொறியின் உட்சுவரில் வரம்புகள் அமைத்தனர். 1987 இற் பொறி சந்தைக்கு வந்தது. எக்ஸ்றே காட்டாததைக் கை காட்டிற்று. பொறி, கையின் மாணாக்கன்.

ஆயின் அம்மாணாக்கன் கற்றது ஒரு பாடமே. மாரியில் ஈரமேறிய மாவுக்கு நீர் குறையவேண்டும். சித்திரை வெக்கையிற் குழைத்த மா விரைந்து பொங்கிப் புளித்துவிடும். கை அதனை அறிந்து நடக்கும். பொறியோ தனக்கு விதித்த மணியையே எண்ணும். அன்றியும், கனடாவில் 120 வோல்ற்றுக்கெனச் செய்த பொறியை நம் 230 வோல்ற்றிற் செருகினால், பாணுக்கு முன் பொறி வெந்துவிடும்!

1990 முதல் ஆண்டுக்கணக்காகப் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் வன்னியை வருத்தின. அன்று பாண் தந்தவை விறகுப் போறணையும் பிசையத் தெரிந்த கைகளுமே. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. மூன்று மணி நேரம் ஓயாத மின்சாரம் கேட்கும் பொறி அன்று என் செய்யும்?

பொறி வேண்டாம் என்பேனல்லேன். வேலையால் தளர்ந்து மீளும் தாய்க்கும் மூட்டுநோவுற்ற முதியோருக்கும் அது பெருந்துணை. போரிலே கையிழந்தோர் நம்மிடை எத்தனையோ பேர். அவர்முன் நின்று கைப்பாணின் மேன்மையைப் பிரசங்கிப்பது நாகரிகமன்று. அவர்க்குப் பொறியே மறுகை.

என் கவலை பிள்ளைகளைப் பற்றியது. மனைப்பொருளியல் வினாத்தாளிற் செய்முறையைப் பிழையற எழுதிப் புள்ளி பெறுவோருள், மாவைத் தொட்டறிந்தோர் எத்தனை பேர்? ஒட்டும் மா பிசையப் பிசைய ஒட்டாமல் நெகிழும் பதத்தை விரல்தான் அறியவேண்டும், ஏடு அறிவியாது. ஆண்டுக்கொரு நாளேனும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, வகுப்பு மேசையில் மாவைக் கொட்டிப் பிசையவிடுதல் வேண்டும். நம் வெக்கையில் இரண்டு பாடவேளைக்குள் மா பொங்கிவிடும். சுட்டுத்தர அயலிலுள்ள போறணைக்காரர் மறுக்கமாட்டார்.