மாணவர் ஆராய்ச்சியும் ஆசிரியர் கடமையும்

சர்வகலாசாலை மான்யக் கமிஷனார் 2022-ம் வருஷம் டிசம்பர் மாதம் வெளியிட்ட திட்டப்படி, முதல் ஆறு பருவங்களில் நூற்றுக்கு 75-க்குக் குறையாமல் மார்க் பெற்ற மாணவர், நான்காவது வருஷத்தில் ஓர் ஆசிரியரின் கீழ் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் பட்டம் பெறலாம். இதற்கு 12 கிரெடிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. டில்லி சர்வகலாசாலையில் நான்கு வருஷப் படிப்பில் சேர்ந்த முதல் கூட்டத்தார் 2025-ம் வருஷம் நான்காவது வருஷத்தை எட்டினர். இவ்வேற்பாட்டின் பொதுவான நன்மை தீமைகளை நாம் இன்று விவாதிக்கப் போவதில்லை. மனோதத்துவ சாஸ்திரம் பயில்வோர் விஷயத்தில் இது எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதே நமது கேள்வி. ஏனெனில், அச்சாஸ்திரத்தின் ஆராய்ச்சிப் பொருள் கல்லுமன்று, கரைசலுமன்று, மனிதனே.

இச்சாஸ்திரம் நமக்குப் புதிதன்று. கல்கத்தா சர்வகலாசாலையில் 1916-ம் வருஷத்திலேயே நரேந்திரநாத் சென்குப்தர் தலைமையில் இதற்கெனத் தனி இலாகா ஏற்பட்டது. மைசூரில் 1924-ல் கோபாலசுவாமி தொடங்கினார். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நம் மாணவர் கையில் இருப்பவை பெரும்பாலும் கடன் வாங்கிய வினாத்தாள்களே. உலக ஜனத்தொகையில் நூற்றுக்கு 12 பேரே வாழும் மேல்நாடுகளிலிருந்துதான் இச்சாஸ்திரத்தின் முக்கிய சஞ்சிகைகளில் சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 96 பேர் வந்தனர் என்று 2010-ல் எடுத்துக் காட்டப்பட்டது. அமெரிக்கக் கலாசாலை மாணவனை அளக்கச் செய்த கோலைக் கொண்டு திருநெல்வேலிப் பெண்ணின் மனத்துயரை அளந்துவிட்டு, அதை ஆராய்ச்சி என்று அச்சிடுவது நியாயமாகுமா?

அக்கடன் சரக்கும் முற்றும் நம்பத்தக்கதன்று என்பது 2015-ல் வெளியாயிற்று. பிரசித்தமான சஞ்சிகைகளில் வந்த 100 ஆராய்ச்சிகளை அறிஞர் பலர் கூடி மீண்டும் நடத்திப் பார்த்தனர். மூல ஆராய்ச்சிகளில் நூற்றுக்கு 97 வெற்றி கூறியிருந்தன. மறுபரீட்சையிலோ நூற்றுக்கு 36-தான் தேறின. எல்லாம் பொய் என்பதன்று இதன் பொருள். சிலரை மட்டும் சோதித்தல், கணக்கைப் பல விதமாகப் போட்டுச் சாதகமானதை மட்டும் வெளியிடுதல், விடை கண்ட பிறகு கேள்வியை அமைத்தல் ஆகிய பழக்கங்களே பெரும்பாலும் காரணம்.

நீதிமன்றத்தில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குற்றச்சாட்டை முதலில் எழுதி, பின்னரே சாட்சிகளை விசாரிப்பது முறை. சாட்சியம் முடிந்த பிறகு அதற்கு ஏற்றபடி குற்றச்சாட்டைத் திருத்தி எழுதும் நீதிபதியை யார் மதிப்பார்? ஆதலால், கேள்வி, எத்தனை பேரைச் சோதிப்பது, எந்தக் கணக்கு போடுவது ஆகிய மூன்றையும் முதல் மனிதனைச் சோதிக்கும் முன்பே எழுதித் தேதியிட்டு ஒப்படைக்கும்படி மாணவனைக் கட்டாயப்படுத்துவது ஆசிரியரின் முதற் கடமை. கேள்வியும் ஒரு வருஷத்தில் முடியக்கூடிய சிறு கேள்வியாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது கடமை, சோதிக்கப்படுவோரைக் காப்பது. மாணவன் பெரும்பாலும் தன் கலாசாலைத் தோழர்களையே நாடுவான். ஆசிரியர் சொன்னாரே என்ற அச்சத்தால் தருவது சம்மதமாகாது. மனச்சோர்வைப் பற்றிய வினாத்தாளில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டென்று விடையளித்தால், யாரிடம் அறிவிப்பது, எங்கே உதவி கிடைக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திராத ஆசிரியர் ஆராய்ச்சிக்கு அனுமதி தரலாகாது.

மூன்றாவது கடமை, உண்மைக்கு மார்க் கொடுப்பது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதிய மாணவன் குறைந்த மார்க் பெறுவானாயின், அடுத்த வருஷத்து மாணவன் பலனைத் தானே உண்டாக்கிக்கொள்வான். ஹாலந்து தேசத்து டில்பர்க் சர்வகலாசாலையில் ஸ்டாபல் என்ற பேராசிரியர் தாமே கற்பித்த புள்ளிகளைத் தம் மாணவர்களுக்கு ஆராய்ச்சிக்கென்று வழங்கி வந்தார். 2011-ல் அதை வெளிப்படுத்தியவர்கள் மூன்று இளம் ஆராய்ச்சியாளர்களே. குருவிடம் கணக்குக் கேட்கும் துணிவை மாணவனுக்கு அளிக்காத ஆராய்ச்சிக் கல்வி கல்வியேயன்று.

வாரம் முழுதும் வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு இவ்வளவுக்கும் அவகாசம் ஏது என்று கேட்கலாம். நியாயமான ஆக்ஷேபணையே. ஆயினும் அதற்குப் பரிகாரம் உண்டு. பல கலாசாலை மாணவர்கள் ஒரே ஆராய்ச்சியைப் பங்கிட்டு, ஒரே முறையில் மீண்டும் நடத்தும் வழக்கம் அமெரிக்காவில் ஏற்பட்டிருக்கிறது. இதனால் சோதிக்கப்படுவோர் தொகை பெருகும். ஆசிரியர் சுமை குறையும். மாணவன் பயனுள்ள காரியத்தில் பங்கு பெறுவான். நமது கலாசாலைகள் பத்துச் சேர்ந்தால், நம் பாஷையில் நம் மக்களுக்கேற்ற வினாத்தாள்களைப் பரிசோதித்து நிலைநாட்டவும் கூடும். அதனுடன், வழிகாட்டும் நேரத்தை ஆசிரியரின் போதனை நேரமாகவே கணக்கிட நிர்வாகிகள் முன்வர வேண்டும்.

நான்கு வருஷ ஆனர்ஸ் படிப்பில் 75 மார்க் பெற்றவர் முதுகலைப் படிப்பின்றியே டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு மனுச் செய்யலாம் என்பதும் 2022-ம் வருஷத்து விதி. ஆகவே, இந்தச் சிறு கட்டுரையே நாளைய ஆராய்ச்சியாளனின் அடிப்படையாகும். அஸ்திவாரத்தில் பொய் கலந்தால் கோபுரம் நிற்காது. பட்டங்களின் தொகையைப் பெருக்குமுன், ஒவ்வொரு மாணவனுக்கும் உண்மையான வழிகாட்டி ஒருவர் உண்டா என்று கல்வி அதிகாரிகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வார்களாக.